துவக்கு வாங்கப் பிந்திய மூன்று வாரம்

விழுந்த மாடு இனி எழும்பாது என்று தெரிந்தால் பண்ணைக்காரன் எங்கள் முதலாளிக்கு ஃபோன் எடுப்பான். முதலாளி எங்கள் இரண்டு பேரையும் லொறியில் அனுப்புவார். நாங்கள் போய், துவக்கால் மாட்டுக்கு வெடி வைத்துச் சுட்டு, இரும்பு வடத்தால் இழுத்து லொறியில் ஏற்றி, மெல்பேண் பக்கம், டண்டினொங்குக்கு வெளியே இருந்த எங்கள் யார்டுக்குக் கொண்டுவருவோம். அங்கே அது நாய்த் தீனியாகும். தோல் வேறு இடத்துக்குப் போகும். எழுபதுகளின் கடைசியில் நான் செய்த வேலை இது.

அந்த வேலையில் இருந்தபோது புதுத் துவக்கு ஒன்றைத் தெரிந்தெடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. தெரிந்தெடுத்தேன். சரியாகத்தான் தெரிந்தெடுத்தேன். வாங்குவதற்குத்தான் மூன்று வாரம் பிந்தினேன். அந்த மூன்று வாரத்துக்குள், பழைய துவக்கால் நான் வைத்த வெடியில், என்னோடு வேலை செய்த மனிதரின் கால் எலும்பு உடைந்தது. இதை இவ்வளவு நேராக எழுத எனக்கு இத்தனை வருடம் எடுத்திருக்கிறது. எழுதிய பிறகும் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை.

அவர் மோல்ட்டாத் தீவைச் சேர்ந்தவர். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். லொறி ஓட்டுவது அவர், மாட்டின் தலைக் கயிறைப் பிடிப்பது அவர், வெடி வைப்பது நான். எனக்கு முந்தி வெடி வைக்கிற வேலையில் இருந்தவன் விட்டுப் போனபோது, "இவன்தான் சரி, இவனுக்குத்தான் எல்லாத்துக்கும் பயம்" என்று முதலாளியிடம் என்னைக் காட்டியவரும் அவர்தான். உண்மைதான். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெரு முனைவரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறவன் நான். லொறியின் பின்கதவுக் கொளுக்கியைப் பார்க்க நடுவழியில் இறங்குவேன். துவக்கில் ரவை இல்லை என்று கண்ணால் பார்த்த பிறகும் விரலை விட்டுத் தடவிப் பார்ப்பேன். அவர் என்னை "இன்ஸ்பெக்டர்" என்றுதான் கூப்பிடுவார். அவருடைய இங்கிலீசும் ஓட்டை, எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட என்னுடையதும் ஓட்டை. அந்த ஓட்டை இங்கிலீசை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. எங்களூர் யாழ்ப்பாணப் பேச்சிலேயே எழுதுகிறேன்.

எங்களிடம் இருந்தது பழைய பட்டாளத் துவக்கு, திரீ நொட் திரீ. அரை மைலுக்கு அப்பால் நிற்கும் ஆளைச் சுடவென்று செய்ததை, கையெட்டும் தூரத்தில் படுத்திருக்கும் மாட்டுக்கு வைத்தோம். ரவை தலைக்குள் புகுந்து மறுபக்கத்தால் வெளியே போய்விடும். கீழே மண் என்றால் மண்ணுக்குள் புதைந்துவிடும். பால் கறக்கும் கொட்டிலில் கீழே சீமெந்து. அதனால் கொட்டிலுக்குள் விழுந்த மாட்டை முதலில் வெளியே இழுப்போம், பிறகுதான் வெடி. அப்படித்தான் பழக்கம். ஒரு நாள் வெளியே மண்ணில் வைத்த வெடியே கல்லில் பட்டு, பக்கத்தில் இருந்த இரும்பு வாளியைத் துளைத்துக்கொண்டு போனது. அந்த வாளியை நான் யார்டுக்குக் கொண்டுவந்து முதலாளியிடம் காட்டினேன். அவர் ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

"வாளியோட போச்சு," என்றார்.

"அடுத்தமுறை வாளி நிக்காது, நான்தான் நிப்பன்," என்று என் கூட்டாளி சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

சின்ன ரவை போடுகிற இருபத்திரண்டாம் எண் துவக்கு ஒன்றும் யார்டில் கிடந்தது. முன்பு ஒருமுறை அதைப் பெரிய காளைக்கு வைக்க, காளை எழும்பி வேலியையும் கொண்டு ஓடினதாம். அதை ஒருவரும் தொடுவதில்லை. முதலாளி யோசித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"பிஸ்டல் எண்டால்தான் திறம். ஆனா பிஸ்டலுக்குப் பொலிஸில அனுமதி எடுக்கிறதுக்குள்ள நான் கிழவனாயிடுவன். பிஸ்டல் ரவை போடுற நீட்டுத் துவக்கு இருக்குது. ரவை பாரம், வேகம் குறைவு. உள்ள போனால் உள்ளேயே நிக்கும். இப்ப இருக்கிறதைவிடக் கட்டையாயும் இருக்கும், கொட்டிலுக்குள்ள திருப்பலாம். நீ போய்ப் பார்த்து எடு. உனக்குத்தானே எல்லாத்தையும் தடவிப் பார்க்கிற வருத்தம்."

கடைக்காரருக்கு ஒரு துண்டும் எழுதித் தந்தார். துவக்கு எது என்ற இடத்தை வெறுமையாக விட்டிருந்தார். அந்த வெறுமையான இடம் எனக்கு இரண்டு நாள் நித்திரையைக் கெடுத்தது.

கடை டண்டினொங்கில், ஸ்டேஷனிலிருந்து கொஞ்சத் தூரம். வார நாளில் நாங்கள் யார்டுக்குத் திரும்ப முதலே பூட்டிவிடுவார்கள். வெள்ளி பின்னேரம் நேரஞ்சென்று திறந்திருக்கும் கடைகளும் அந்தக் காலத்தில் இருந்தன, இந்தக் கடை அப்படியில்லை. எனக்குத் தோதானது சனிக்கிழமை காலை மட்டும், மத்தியானம்வரை. ஆகவே சனிக்கிழமை போனேன்.

கடைக்காரர் வயதானவர். துண்டை வாசித்துவிட்டு, "எதுக்கு?" என்று கேட்டார்.

"படுத்திருக்கிற மாட்டுக்கு."

"எவ்வளவு தூரம்?"

அவரின் நெஞ்சைக் காட்டப் போன கையைப் பாதியில் நிறுத்தி, "இந்த மேசை அகலம்," என்றேன்.

மூன்று துவக்குகளை எடுத்து மேசையில் வைத்தார். மூன்றும் ஒரே மாதிரி. அடியில் வளையம் போன்ற இரும்புப் பிடி. அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் அடுத்த ரவை ஏறும். முதலாவது கடைக்காரரைவிட மூத்தது. ரவையின் எண் நாற்பத்துநாலு-நாற்பது என்றார். மரம் கறுத்து, கை பட்ட இடமெல்லாம் வழுவழுவென்று இருந்தது. கையில் எடுத்தவுடன் பழகின சாமான் போல இருந்தது, அதுவே எனக்குப் பயமாகவும் இருந்தது.

"நல்ல துவக்கு. ரவை கிடைக்கிறதுதான் கரைச்சல். சில மாசம் வரும், சில மாசம் வராது."

வராத மாதத்தில் என்ன செய்வது என்று நான் உடனே யோசிக்கத் தொடங்கிவிட்டேன். அதைத் தள்ளி வைத்தேன். இரண்டாவது நாற்பத்துநாலு மக்னம். புதுசு, நல்ல பாரம்.

"இது பிஸ்டலிலயே பேய் அடி அடிக்கும். இந்த நீட்டுக் குழலில இன்னும் கூட."

"மாட்டுத் தலைக்குள்ள நிக்குமோ?"

அவர் உதட்டைப் பிதுக்கினார். "நிக்கலாம்."

"நிக்காமலும் விடலாமோ?"

"விடலாம்."

அதையும் தள்ளினேன். மூன்றாவது முப்பத்தெட்டு. பொலிஸ்காரர் இடுப்பில் கொழுவும் பிஸ்டலுக்குப் போடுகிற அதே ரவை. நீளமான ரவையும் போடலாம், கட்டையானதும் போடலாம் என்றார். நீளமானது வேகம், கட்டையானது மெது. "உன்ர வேலைக்குக் கட்டை. மெத்தெண்ட ஈயம். உள்ள போய் அமுங்கி நிக்கும்."

"காளைக்கு?"

"நெத்தியில சரியான இடத்தில வைச்சால் காளைக்கும் காணும். பிழையான இடத்தில வைச்சால் பீரங்கியும் காணாது."

குழலுக்குக் கீழே இன்னொரு குழாய் இருந்தது. ரவைகள் அதற்குள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் கிடக்கும். ஒரு ரவையின் மூக்கு அடுத்த ரவையின் பின்பக்கத்தில் முட்டிக்கொண்டிருக்குமே, லொறி குலுங்கினால் வெடிக்காதோ என்று கேட்டேன். கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

"முப்பது வருஷமா விக்கிறன். வாங்க முதல் இதைக் கேட்ட ஆள் நீதான்." பெட்டியிலிருந்து ஒரு ரவையை எடுத்துக் காட்டினார். மூக்குத் தட்டையாக இருந்தது. "இதுக்காகத்தான் தட்டை. கூர் மூக்கு ரவை இதுக்குள்ள போடாதே. வேற என்ன?"

வேறு நிறைய இருந்தது. மழை பட்டால்? கையுறையோடு பிடித்தால் விரல் அந்த வளையத்துக்குள் போகுமா? உள்ளே ரவை கிடக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? அவர் வளையத்தைக் கீழே தள்ளித் திறந்து, என் சுண்டுவிரலைப் பிடித்து உள்ளே விட்டார். வெறுமை விரலுக்குத் தெரிந்தது. பின்பக்கத்தில் அடிக்கும் சுத்தியல் வெளியே தெரிகிற மாதிரி இருந்தது. அது வெடிக்க ஆயத்தமாக எழும்பி நிற்கிறதா படுத்திருக்கிறதா என்று தூரத்தில் நிற்பவனுக்கும் தெரியும். பழைய துவக்கில் அது எனக்குத் தெரிவதேயில்லை. அந்தச் சுத்தியலுக்காகத்தான் நான் அதைத் தெரிந்தெடுத்தேன் என்று சொல்லலாம். துண்டில் வெறுமையாக இருந்த இடத்தில் அந்தத் துவக்கின் எண்ணை எழுதினேன்.

"சரி. கட்டித் தரட்டோ?" என்றார் கடைக்காரர்.

"அடுத்த கிழமை வாறன்," என்றேன்.

"ஏன்? துண்டு இருக்குது, லைசென்ஸ் இருக்குது, துவக்கு இருக்குது."

"முதலாளியிட்ட ஒருக்கால் கேட்டுப்போட்டு வாறன்."

அவர் ஒரு அட்டையில் என் பெயரை எழுதி நூலால் துவக்கில் கட்டி உள்ளே வைத்தார். நான் வெளியே வந்தேன். முதலாளியிடம் கேட்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

அன்று சனிக்கிழமை. அதுதான் காரணம். எங்கள் வீட்டில் சனிக்கிழமை இரும்பு வாங்குவதில்லை. ஆணி வாங்குவதில்லை, கத்தி வாங்குவதில்லை. கடைக்குள் நிற்கும்போது எனக்கு அது முதலிலிருந்தே தெரியும். பார்ப்பது வாங்குவது ஆகாது என்று எனக்குள் சொல்லிக்கொண்டுதான் உள்ளே போனேன். போதாததற்கு எனக்கு அப்போது ஏழரைச் சனி. அம்மா எயர் லெட்டர் எழுதும்போதெல்லாம் கடைசி வரியில் அதைத்தான் எழுதுவா. தண்ணீரில் கவனம், வாகனத்தில் கவனம், இரும்பில் கவனம். நான் தண்ணீருக்கும் வாகனத்துக்கும் பயப்படுகிற மாதிரியே இரும்புக்கும் பயந்தேன். ஏழரை நடக்கிறவன், சனிக்கிழமை, இரும்பு, அதிலும் துவக்கு. கை நீளவில்லை.

அடுத்த நாள் ஞாயிறு. அக்கா வீட்டில் சாப்பாடு. அக்கா இங்கே நேர்ஸ், அத்தான் எஞ்சினியர். என்னை ஸ்பொன்சர் பண்ணிக் கூப்பிட்டது அவர்கள்தான். நான் என்ன வேலை செய்கிறேன் என்று அவர்களுக்குச் சொல்லியிருந்தது, லொறியில் உதவியாள். அது பொய்யில்லை. வேலைச் சப்பாத்தை யார்டிலேயே விட்டுவிட்டு வருவேன்.

"அக்கா, வேலைக்கு ஒரு இரும்புச் சாமான் வாங்கவேணும். கடை சனிக்கிழமைதான் திறக்குது."

அக்கா கறிச் சட்டியை அப்படியே கையில் பிடித்துக்கொண்டு நின்றா. "சனியிலயோ? உனக்கு ஏழரை நடக்குது, தம்பி. விசரோ உனக்கு?"

அத்தான் பேப்பருக்குப் பின்னாலிருந்து, "என்ன, சனிபகவான் விசா எடுத்து மெல்பேணுக்கும் வந்திட்டாரோ?" என்றார்.

"நீங்கள் சும்மா இருங்கோ."

"இல்லை, நான் வழி சொல்லுறன். இஞ்ச காலமை ஒன்பது மணி எண்டால் யாழ்ப்பாணத்தில நாலரை. விடியேல்லை. பஞ்சாங்கத்தில விடிஞ்சால்தானே அடுத்த நாள்? அப்ப அங்க இன்னும் வெள்ளிக்கிழமை. கடை திறந்த கையோட ஓடிப்போய் வாங்கு. பத்தரைக்குப் பிறகு வாங்கினால்தான் சனி பிடிக்கும்."

அக்கா சட்டியை மேசையில் வைத்தா. "கிரகம் யாழ்ப்பாணத்திலயோ நிக்குது? மனுசன் நிக்கிற இடத்துக்குத்தான் கிழமை. இஞ்ச சனி எண்டால் சனிதான்."

"அப்ப அவன்ர ஜாதகம்? அது யாழ்ப்பாண நேரத்துக்கு எழுதினதுதானே?"

"கடவுளே, சாப்பிட விடுங்கோ."

அவர்கள் சிரித்துக்கொண்டு சாப்பிட்டார்கள். நான் அத்தானின் கணக்கை விடவில்லை. வீட்டுக்குப் போய்க் கலண்டரைப் பார்த்தேன். ஒன்பதுக்கும் பத்தரைக்கும் நடுவில் ஒன்றரை மணித்தியாலம் இருக்கிறது. அந்த ஒன்றரை மணித்தியாலம் வெள்ளியா சனியா? ஜாதகம் அங்கே எழுதியது, நான் இங்கே நிற்கிறேன். இரண்டில் எது என்னைப் பிடிக்கும்? அந்த வாரம் முழுவதும் லொறியில் இருந்து இதைத்தான் யோசித்தேன். என் கூட்டாளி பக்கத்தில் இருந்து பாட்டை முணுமுணுத்துக்கொண்டு ஓட்டினார்.

அது ஆடி மாதம், இங்கே நல்ல மாரி. பசுக்கள் கன்று போடுகிற காலம். கன்று போட்ட கையோடு விழுகிற மாடுகள் அதிகம். தினமும் ஃபோன் வந்தது. ஒரு நாள் அரைநாள் லீவு கேட்டேன். "மாடுகளிட்டக் கேள்," என்றார் முதலாளி. இரண்டாவது சனிக்கிழமை நான் வீட்டைவிட்டு வெளியே போகவில்லை. மூன்றாவது சனிக்கிழமை அத்தானின் கணக்குப்படி ஒன்பது மணிக்கே போய்க் கடைக்கு முன்னால் நின்றேன். கடைக்காரர் உள்ளே இருந்து கண்ணாடியூடாக என்னைக் கண்டு கையைக் காட்டினார். நானும் கையைக் காட்டினேன். பத்தரைக்குக் கொஞ்சம் முன்பு, உள்ளே போகாமலே, ஸ்டேஷனுக்கு நடந்து போய் ரயில் ஏறினேன்.

வேறு வழி இருந்தது. என் கூட்டாளியும் டண்டினொங்கில்தான் இருந்தார், லைசென்சும் வைத்திருந்தார். எனக்குச் சனிக்கிழமை ஆகாது, நீங்கள் போய் எடுத்து வாருங்கள் என்று சொல்லியிருந்தால் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு எடுத்து வந்திருப்பார். அந்தச் சிரிப்பை நான் விரும்பவில்லை. அவ்வளவுதான். முதலாளி கேட்டபோது கடையில் துவக்கு வரவில்லை என்று சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை மழை. பண்ணை கொஞ்சத் தூரம். கொட்டிலுக்குள், பால் கறக்கும் இடத்திலேயே பசு ஒன்று கால் விரிந்து விழுந்து கிடந்தது. இடுப்பு உடைந்துவிட்டது. வெளியே இழுக்கவேண்டும் என்றேன். பண்ணைக்காரன் வேண்டாம் என்றான். இழுக்கும்போது அது கத்துவதை அவனுடைய மனிசியால் தாங்கமுடியாதாம். அவ வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தா.

என் கூட்டாளி பசுவின் கண்ணைப் பார்த்தார். "இஞ்சயே வை, இன்ஸ்பெக்டர். பாவம்."

"சீமெந்து."

"தலையை நான் நிமிர்த்திப் பிடிக்கிறன். நேர உடம்புக்குள்ள போற மாதிரி வை."

அவர் கயிறை இழுத்துத் தலையை நிமிர்த்தினார். நான் பழைய துவக்கை வைத்தேன். பசு கடைசி நேரத்தில் தலையைக் கொஞ்சம் திருப்பியது. வெடித்தது. கொட்டிலுக்குள் அந்தச் சத்தம் பெரிதாக இருந்தது, ஆனால் எனக்கு அது தூரத்தில் கேட்ட மாதிரி. என் கூட்டாளி இருந்தார். அதாவது நின்றவர் சீமெந்தில் குந்தி இருந்துவிட்டார். இடது காலை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். முழங்காலுக்குக் கீழே காற்சட்டை கிழிந்து, கறுப்பாக நனைந்துகொண்டு வந்தது.

அந்த நேரம் எனக்கு என்ன செய்தது என்று கேட்டால் சொல்ல ஒன்றுமில்லை. பால் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதை யாராவது நிற்பாட்டினால் நல்லது என்று நினைத்தேன். துவக்கைத் திறந்து, விரலை விட்டுத் தடவிப் பார்த்தேன்.

"இன்ஸ்பெக்டர்," என்றார் அவர். முகம் சாம்பலாக இருந்தது. "மாடு செத்திட்டுதோ பார்."

பார்த்தேன். "ஓம்," என்றேன். தமிழில்தான் சொன்னேன்.

பண்ணைக்காரன் தன் வானில் அவரை ஏற்றிக்கொண்டு போனான். எனக்கு லொறி ஓட்டத் தெரியாது. முதலாளி வேறு ஆளோடு வரும்வரை நான் அந்தப் பசுவோடு கொட்டிலில் நின்றேன். பண்ணைக்காரனின் மனிசி ஒரு கோப்பை தேத்தண்ணி கொண்டுவந்து தந்தா. சீனி போட்டிருந்தா. குடித்தேன்.

முதலாளி வந்து சீமெந்தில் இருந்த வெள்ளைக் கீறலைச் சப்பாத்தால் தடவிப் பார்த்தார். "புதுத் துவக்கு எங்க?" என்றார். கடையில் என்றேன். "வந்திட்டுதோ?" வந்துவிட்டது என்றேன். எப்போது வந்தது என்று அவர் கேட்கவில்லை. அடுத்த நாள் காலை தன் காரிலேயே என்னைக் கூட்டிக்கொண்டு போனார். கடைக்காரர் துவக்கைக் கொண்டுவந்து வைத்தார். அட்டை நூலோடு தொங்கியது. அதில் தேதியும் போட்டிருந்தார். முதலாளி அதைக் கவனித்தாரோ தெரியாது, நூலைப் பிய்த்து அட்டையைக் குப்பைக்கூடைக்குள் போட்டார். எல்லாம் ஐந்து நிமிடத்துக்குள் முடிந்தது. புதன்கிழமை. பஞ்சாங்கத்தில் அந்த நாளுக்கு ஒரு குறையும் இல்லை.

ஆஸ்பத்திரியில் அவருடைய காலைத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். எலும்பு இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. அவர் காலைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை, மேலே பார்த்துக்கொண்டு சொன்னார்:

"இந்தக் காலாலதான் கிளச் மிதிக்கிறது."

"டொக்டர் என்ன சொல்லுறார்?"

"நடக்கலாமாம். மிதிக்கலாமோ எண்டு டொக்டருக்குத் தெரியாதாம். டொக்டருக்கு லொறி ஓடத் தெரியாது." "லொறி ஓடாட்டில் நான் என்ன செய்யிறது? எனக்கு வேற ஒண்டும் தெரியாது, இன்ஸ்பெக்டர்."

எனக்கும் வேறு ஒன்றும் தெரியாது என்று சொல்ல வந்தது. திராட்சைப் பழம் கொண்டுபோயிருந்தேன், மேசையில் வைத்தேன். அவருடைய மனிசி எனக்கு நன்றி சொன்னா. ஒவ்வொரு ஞாயிறும் நான் போனேன். ஒவ்வொரு ஞாயிறும் அவ நன்றி சொன்னா.

முதலாளி ஒரு பெடியனை லொறி ஓட்டப் பிடித்தார். புதுத் துவக்கு கடைக்காரர் சொன்னபடியே வேலை செய்தது. ரவை உள்ளே போகும், உள்ளேயே நிற்கும். மாடு ஒருதரம் நடுங்கிவிட்டு அடங்கும். சத்தமும் குறைவு. முதல் தரம் வைத்த பிறகு நான் தலையின் மறுபக்கத்தைக் கையால் தடவிப் பார்த்தேன். ஓட்டை இல்லை. இரண்டாம் தரமும் பார்த்தேன். ஒவ்வொரு தரமும் பார்த்தேன். இவ்வளவு நல்ல துவக்கு நூலில் அட்டை கட்டியபடி மூன்று வாரம் கடையில் கிடந்தது என்பது அப்போது எனக்கு மனதில் வரும். வந்து போகும். அழுகை வரவில்லை, பயமும் வரவில்லை. அந்த மாதங்களில் நான் வீட்டுப் பூட்டையும் இழுத்துப் பார்க்கவில்லை. அதை அக்காதான் கவனித்துச் சொன்னா: "இப்ப நீ கொஞ்சம் திருந்தியிருக்கிறாய்."

கோடை தொடங்க முதல் அவர் வேலைக்குத் திரும்பினார். கால் முழுதாக மடங்கவில்லை. கிளச்சை மிதிக்கும்போது இடுப்பையும் சேர்த்துத் தள்ளுவார். பல்லைக் கடிப்பது பக்கத்தில் இருந்த எனக்குக் கேட்கும். ஆனால் ஓட்டினார். முதலாளி வாசலில் நின்று பார்த்துவிட்டு அந்தப் பெடியனை வேலையிலிருந்து நிற்பாட்டினார். முதல் நாள் இரண்டு மாடு. அவர் கயிறு பிடித்தார், நான் வெடி வைத்தேன்.

இரண்டாவது நாள் மத்தியானம் தெருவோரத்தில் லொறியை நிற்பாட்டிச் சாப்பிட்டோம். அவர் பாணும் ஒலிவ் காயும். நான் பாணும் சம்பலும். அவர் ஒரு விதையை யன்னலுக்கு வெளியே துப்பிவிட்டுச் சொன்னார்:

"துவக்கை நல்லாப் பார்த்துத்தான் எடுத்திருக்கிறாய்."

"ஓம்."

"போன கிழமை, வேலைக்கு வர முதலே, முதலாளி என்னை ரவை எடுக்க அந்தக் கடைக்கு அனுப்பினவர். கிழவன் கேட்டான், அந்தத் துவக்கை மூண்டு கிழமை கட்டி வைக்கச் சொன்ன ஆளோட வேலை செய்யிற ஆள் நீதானோ எண்டு."

நான் பாணைக் கடதாசியில் வைத்தேன்.

"கடைக்கு முன்னால வந்து நிண்டிட்டுப் போனனியாம். ஏன்?"

கேட்ட விதத்தில் கோபம் இல்லை. அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை. பொய் சொல்லலாம் என்று நினைத்தேன், ஒரு பொய்யும் வரவில்லை. சொன்னேன். சனிக்கிழமை இரும்பு வாங்குவதில்லை என்று சொன்னேன். அம்மாவின் கடிதத்தைச் சொன்னேன். ஒன்பது மணிக்கும் பத்தரைக்கும் நடுவில் இருக்கும் அந்த ஒன்றரை மணித்தியாலத்தைக்கூடச் சொன்னேன். ஓட்டை இங்கிலீசில் சனிபகவானைச் சொல்வது சுலபமில்லை. ஒரு கிரகம், அது ஒரு சாமி, அதற்கு ஏழரை வருடம், என்று சொல்லிக்கொண்டு போனேன். அவர் ஒலிவ் காயை வாயில் போடாமல் விரலில் வைத்துக்கொண்டு கடைசிவரை கேட்டார். நான் எதிர்பார்த்த சிரிப்பை அவர் சிரிக்கவில்லை.

"எனக்குச் சனிக்கிழமையில ஒண்டுமில்லையே," என்றார். "நான் போய் எடுத்திருப்பனே."

"தெரியும்."

"பிறகு ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் சிரிப்பீங்கள் எண்டு."

"சிரிச்சிருப்பன்தான்," என்றார். "ஒரு கிழமை சிரிச்சிருப்பன்." காயை வாயில் போட்டு மென்றார். தெருவில் ஒரு பால் லொறி போனது. "உன்னோட எனக்குக் கோவமில்லை. ஆனா நீ பயந்தால் ஒருத்தருக்கும் சொல்லாத ஆள். அதை நான் யோசிக்கேல்லை. பயந்தவன் பாதுகாப்பு எண்டுதான் நினைச்சனான்."

நான் கடதாசியைச் சுருட்டினேன்.

அடுத்த பண்ணையில் ஒரு கிழட்டுக் குதிரை. வெளியே, புல்லில் நின்றது. அவர் இறங்கி, காலை இழுத்துக்கொண்டு லொறியைச் சுற்றி என் பக்கம் வந்தார். நான் துவக்கை எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் கையை நீட்டினார்.

"இனி இது என்னட்ட இருக்கட்டும். நீ கயிறைப் பிடி."

வெடி வைப்பது அவருக்குப் பிடிக்காத வேலை. இத்தனை வருடத்தில் ஒருநாளும் கேட்டு வாங்கியதில்லை. கொடுத்தேன். அவர் வளையத்தைத் தள்ளித் திறந்து உள்ளே பார்த்தார், ரவையைப் போட்டார், சுத்தியல் படுத்திருக்கிறதா என்று பார்த்தார். நான் குதிரையின் தலைப்பக்கம் போய்க் கயிறைப் பிடித்தேன். அங்கிருந்து பார்க்கும்போது குழலின் வாய் பெரிதாகத் தெரிந்தது.

"கிட்ட நிக்காதே," என்றார். "இன்னும் தள்ளி. இன்னும். கயிறை இறுக்காதே, அது பயப்படும்."

நான் கயிறைத் தளர்த்தினேன்.